நுனி இல்லாத தட்டுகள்

அடுப்படிப் பரணிலிருந்து அந்த ஏழு தட்டுகளையும் நான் இறக்கி வந்தது வருஷத்துக்கு ஒரு தடவைதான். அலுமினியத் தட்டுகள். கடையில் விற்கிற தட்டு மாதிரி வழவழவென்று இருக்காது. சுத்தியல் பட்ட தடம், அம்மைத் தழும்பு மாதிரி முகமெல்லாம் கிடக்கும். இரண்டு தட்டுகளின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள், ஆணி இருந்த துளைகள். ஒரு தட்டின் அடியில் கறுப்புச் சாயம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. புளியும் சாம்பலும் போட்டு நான் தேய்க்காத தேய்ப்பு இல்லை, போகவில்லை. கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் ஏழையும் தரையில் பரப்பி வைத்துவிட்டு ஒன்றை நகத்தால் சுண்டினால், மற்ற ஆறும் சேர்ந்து மெல்ல முனகும். பயப்படுகிறவர்கள் சுண்டிப் பார்க்க வேண்டாம். நான் பயப்படுகிறவள் இல்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் கண்டதைக் கண்டபடி சொல்ல எனக்குத் தெரியும். நான் இதை எழுதுவதைப் பார்த்துவிட்டுப் பேத்தி, "நான் திருத்தித் தாரேன் அப்பத்தா" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவை விமானத்துத் தகடு. யுத்தம் முடிந்த பிறகு, நான் வாழ வந்த ஊருக்குக் கிழக்கே இருக்கிற விமானத் திடலில் உடைந்து கிடந்த விமானங்களை அறுத்து எடைக்குப் போட்டார்கள். அதில் ஒரு இறக்கைத் துண்டைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, பாத்திரக்காரரிடம் கொடுத்து, ஏழு தட்டு அடிக்கச் சொன்னவர் என் மாமனார். குடும்பத்தில் அப்போது இருந்தவர்கள் நான்கு பேர். எதற்கு ஏழு என்று பாத்திரக்காரர் கேட்டிருக்கிறார். "விருந்தாளி வருவாக" என்று மட்டும் சொன்னாராம்.

என் பிறந்த ஊர் கீழச்சிவல்பட்டி. அங்கே பெரிய பெரிய வீடுகள் எல்லாம் செட்டியார்மார் வீடுகள். நாங்கள் அந்த வீடுகளைச் சுற்றி வெள்ளாமை பார்த்துப் பிழைத்தவர்கள். ஆனாலும் எங்கள் அய்யா தலை நிமிர்ந்துதான் நடப்பார், எனக்கும் அதே கழுத்து. என் கல்யாணத்தன்று பந்தல் வாசலில் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்க, என் சித்தப்பா சந்தனப் பேலாக் கிண்ணத்தை நீட்டினார். எல்லோரும் விரலால் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டார்கள். என் மாமனார் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சித்தப்பாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "ஏன் சம்பந்தி, எங்க வீட்டுச் சந்தனத்துல மணம் பத்தலையோ?" என்று கேட்டேவிட்டார். மாமனார் தலை குனிந்தபடி, "கோளாறு என் கையில இருக்குங்க, சந்தனத்துல இல்லை" என்றார். எங்கள் பக்கத்துப் பெண்கள் விடவில்லை. சந்தனம் தொடாத வீட்டில் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம், குளிக்கவாவது செய்வார்களா என்று என் காதுபடவே பேசிச் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், அந்த மனுஷரோடு ஒரு வருஷம் பேசக்கூடாது என்று மணவறையிலேயே முடிவு செய்தேன். பேசாமல்தான் இருந்தேன், மாசி மாதம் வருகிற வரைக்கும்.

மாசியில் எங்கள் வீட்டுச் சாமி கும்பிடு. வீட்டில் செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். உச்சிப்பொழுதில், உள்வீட்டில், சமைத்ததை எல்லாம் இலையில் வைத்து, புதுத்துணி வைத்து, பித்தளைத் தம்ளரில் விளிம்பு தொடத் தண்ணீர் ஊற்றிக் கதவைச் சாத்திவிடுவோம். எல்லோரும் வெளியே வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் போய், வீட்டுக்குப் பெரியவர் இருமிவிட்டுக் கதவைத் திறப்பார். முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். தம்ளரில் தண்ணீர் விளிம்பை விட்டு இறங்கியிருந்தால் வந்து போயிருக்கிறார்கள் என்று கணக்கு. இதில் ஒரு கட்டாயம் உண்டு. உயிரோடு இருக்கிறவர்களுக்கு இலையின் நுனி இடது கைப்பக்கம் இருக்கும். செத்தவர்களுக்கு வலது கைப்பக்கம். மாற்றிப் போடவே கூடாது. உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நுனியை மாற்றிப் போட்டுப் படைத்தால், அது அவரை வாவென்று கூப்பிடுகிற மாதிரி. பந்தியில் தெரியாமல் மாற்றிப் போட்டாலே எங்கள் பக்கத்தில் எழுந்து போய்விடுவார்கள்.

நான் வாழ வந்த அந்த முதல் மாசியில், வீட்டுச் சாமிகளுக்கு மூன்று இலை போட்டார்கள். அதற்கு எதிர்வரிசையில், சுவரோரமாக, ஏழு அலுமினியத் தட்டுகளை வைத்தார் என் மாமனார். விமானத்தின் மூக்கில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஆட்களை உட்கார வைக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக இடம் பார்த்துப் பார்த்து வைத்தார். என் மாமியார் கோழிக்குழம்பை இலைகளுக்கு ஊற்றிவிட்டு, தட்டுகளுக்கு வேறு சட்டியிலிருந்து ஊற்றினார். காரம் குறைத்து வைத்த குழம்பு. "அவுக தாங்க மாட்டாக" என்று மாமனார் சொல்ல, மாமியார், "போய்ச் சேர்ந்த பிறகுமா நாக்கு எரியும்?" என்று முணுமுணுத்தார். தட்டுக்கு ஒரு அவித்த முட்டை, இரண்டு பிஸ்கட். யாருக்கு அத்தை இது என்று கேட்டேன். கதவைச் சாத்தியாயிற்று, பேசாதே என்று சைகை காட்டினார்.

கதவைத் திறந்ததும் முதலில் என் மூக்கில் அடித்தது சந்தன வாசம். இப்போதுதான் கல்லில் அரைத்து எடுத்த பச்சைச் சந்தனம். அதோடு சேர்ந்து பெட்ரோல் நெடி. அந்த வீட்டில் சந்தனக்கல்லே கிடையாது. பூசைக்குக்கூடத் திருநீறு மட்டும்தான். நான் யோசிக்காமல், "அத்தை, யாரு சந்தனம் அரைச்சது?" என்று கேட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு வாசம் எதுவும் தெரியவில்லை. மாமனார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமியார் மட்டும் என் கையைப் பிடித்து, ரொம்பத் தணிந்த குரலில், "உனக்கும் அடிக்குதா?" என்றார். இலைகளுக்கு முன்னால் இருந்த மூன்று தம்ளர்களிலும் தண்ணீர் இறங்கியிருந்தது. தட்டுகளுக்கு முன்னால் இருந்த ஏழிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, என் மாமனார் தானாக என்னிடம் பேசினார். பேசுவதில்லை என்ற என் வைராக்கியம் அங்கேயே போயிற்று. "நீ மணத்தைக் கண்டுட்டே. ஒளிச்சு என்ன ஆகப்போகுது தாயி" என்றுதான் ஆரம்பித்தார்.

யுத்த காலத்தில் மழை தப்பிப்போய், விவசாயம் படுத்த சமயத்தில், அவர் விமானத் திடலுக்கு வேலைக்குப் போனவர். விமானத்தைக் கழுவுவது, பெட்ரோல் ஊற்றுவது, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது. அங்கே அவருக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவர் ஒரு மலையாளத்து ஃபிட்டர். சின்ன விமானங்கள்தான் வந்து போகும். ஒரு நாள், சிலோனுக்குப் போகிற வழியில், இஞ்சின் ஒன்று புகைந்து, பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்று வந்து இறங்கியது. பேர் ஹாலிபாக்ஸ் என்று ஃபிட்டர் சொல்லியிருக்கிறார். நாலு இஞ்சின். அடிவயிறு முழுக்கக் கன்னங்கறுப்பு, ராத்திரியில் பறக்கும்போது கீழே இருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்பதற்காக. ஜெர்மனியில் ஊர் ஊராகக் குண்டு போட்ட ஜாதி, இப்போது பர்மா மலாயாப் பக்கம் காட்டுக்குள் ஆளையும் சாமானையும் இறக்கிவிட வந்திருக்கிறது என்றாராம். அதன் நிழலில் இருபது மாடு படுக்கலாம் என்பார் மாமனார்.

அதில் வந்தவர்கள் ஏழு பேர். எல்லோரும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்கள். மாமனார் அவர்களைவிட ஏழெட்டு வயது மூத்தவர். பேரெல்லாம் இவர் வாயில் நுழையவில்லை, இவராகவே பேர் வைத்துக்கொண்டார். செம்பட்டை, நெட்டை, கண்ணாடி, சிரிப்பாணி என்று. கடைசி ஆள் வால்காரன். விமானத்தின் வால் நுனியில் கண்ணாடிக் கூண்டுக்குள், மற்ற ஆறு பேருக்கும் முதுகைக் காட்டி, துப்பாக்கியோடு தனியாக உட்கார்ந்து வருகிறவன். குள்ளமாக, காது சிவந்து, சின்னப் பிள்ளை முகமாக இருப்பானாம். மாமனாருக்குத் தன் பங்குப் பிஸ்கட்டைக் கொடுத்தவன் அவன்தான். "எல்லாரும் போற வழியைப் பார்த்துக்கிட்டுப் போவாக. அவன் ஒருத்தன்தான் வந்த வழியைப் பார்த்துக்கிட்டே போறவன்" என்று அவனைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

இஞ்சினைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது ஆயுத பூசை வந்தது. கலப்பை, அரிவாள், வண்டிச்சக்கரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற ஆட்கள், அவ்வளவு பெரிய விமானத்தை எப்படி விடுவார்கள். ஃபிட்டர் கேட்டுச் சொல்ல, வெள்ளைக்காரப் பையன்களும் சிரித்துக்கொண்டு சரி என்று விட்டார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சக்கரத்துக்கு, இஞ்சின் காற்றாடிக்கு, ஏறுகிற ஏணிக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே போனார் என் மாமனார். விமானத்தின் முகத்துக்கு அடியில் விரல் தண்டிக்கு ஒரு குழாய் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் சிவப்பு நாடா தொங்குகிற துணி உறை. மூக்கு நுனியில் பொட்டில்லாமல் விட மனசு வரவில்லை அவருக்கு. உறையை உருவி, குழாயின் முனையில் கெட்டிச் சந்தனத்தை நன்றாக அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்து, உறையைப் பழையபடி மாட்டிவிட்டார். யாரும் பார்க்கவில்லை. ஒளித்தும் செய்யவில்லை. அன்பாகத்தான் செய்தார்.

மறுநாள் உச்சியில் விமானம் கிளம்பியது. கீழே நின்ற திடல் ஆள் ஒருவன் துணி உறையை உருவிக்கொண்டான், குழாயைப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது, கூட நின்றவர்கள் கைதட்டினார்கள். வழக்கத்தைவிட ரொம்ப தூரம் ஓடி, ஓடுபாதை முடிகிற இடத்தில்தான் எழும்பியதாம். பனைமரத் தலையை உரசுகிற மாதிரி போய், கிழக்கே கடல் பக்கம் திரும்பியது. வால் கூண்டிலிருந்து ஒரு கை ஆடுவதை மாமனார் பார்த்தார். விமானம் மறைந்த பிறகும் சத்தம் மட்டும் வெகுநேரம் அதே இடத்தில் நின்றதாம், வானத்தில் யாரோ திரிகை சுற்றுகிற மாதிரி.

பிறகு ஒரு நாள், வேறொரு விமானத்தைக் கழுவும்போது, கூட வேலை பார்த்தவர் ஒருவர் அதே மாதிரிக் குழாயைப் பிடித்துத் தொங்கியதற்கு ஃபிட்டர் கண்டபடி ஏசியிருக்கிறார். அதற்குள் காற்று நுழைகிற வேகத்தை வைத்துத்தான் உள்ளே முள் விமானத்தின் வேகத்தைக் காட்டும், ஒரு குளவி கூடு கட்டி அடைத்தால்கூட முள் பொய் சொல்லும், ஓட்டுகிறவன் ஏமாந்து விமானத்தை விழவைத்துவிடுவான் என்று விளக்கினாராம். மாமனார் கழுவுகிற துணியைக் கீழே போட்டுவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். அந்தப் பெரிய விமானம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். யுத்த காலத்தில் அதெல்லாம் கேட்கக்கூடாது, கேட்டவனைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று ஃபிட்டர் வாயை அடைத்துவிட்டார். சந்தனத்தைப் பற்றிச் சொல்ல மாமனாருக்குத் தைரியம் இல்லை. யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரர்கள் போனார்கள், ஃபிட்டரும் எங்கேயோ போய்விட்டார். கேட்க ஒரு ஆள் மிஞ்சவில்லை.

செத்திருந்தால் அந்த ஏழு பேரும் அந்நிய தேசத்தில் பசியோடு அலைவார்கள், படைக்க வேண்டிய கடமை தனக்குத்தான் என்று மாமனார் நினைத்தார். செத்தார்கள் என்று தெரியாமல் இலை நுனியை மாற்றிப் போட்டால், எங்கேயோ பெண்டு பிள்ளையோடு இருக்கிறவனைத் தானே கூப்பிட்டுக் கொல்கிற மாதிரி. இரண்டுக்கும் நடுவில் அவர் கண்டுபிடித்ததுதான் தட்டு. வட்டத் தட்டுக்கு நுனி ஏது? இருக்கிறவர்களுக்கா போனவர்களுக்கா என்று அது சொல்லாது. வருஷா வருஷம் கதவைத் திறந்து அந்த ஏழு தம்ளரையும் குனிந்து பார்ப்பார். தண்ணீர் அப்படியே இருக்கும். அன்றைக்கு மட்டும் வயிறாரச் சாப்பிடுவார். மறுநாள் மறுபடியும் சந்தேகம் வந்துவிடும். வராமல் இருக்கிறார்களா, வந்து கோபித்துக்கொண்டு நிற்கிறார்களா. சந்தன வாசம் ஏன் அடிக்கிறது?

அந்தச் சந்தேகத்தில்தான் அவர் அந்த விமானத்தின் சரித்திரத்தையே தேடித் திரட்டினார். திடலில் இருந்த காலத்தில் ஃபிட்டர் வாயிலிருந்து பிடுங்கியது, யுத்தத்துக்குப் போய்த் திரும்பிய பள்ளத்தூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு நடையாய் நடந்து கேட்டது என்று, எல்லாம் தலைக்குள் இருந்தது. முதலில் இரண்டே இஞ்சின் வைத்துத்தான் அதை வரைந்தார்களாம். அந்த இஞ்சின் தேறாது என்று தெரிந்து, சின்னதாக நாலு வைத்தார்களாம். தூக்க மாட்டாமல் தூக்குகிறது என்று பிறகு வேறு ஜாதி இஞ்சினுக்கு மாற்றினார்களாம். மூக்கில் இருந்த துப்பாக்கிக் கூண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடி மூக்கு வைத்தார்களாம். எல்லாவற்றையும்விட அவர் பிடித்துக்கொண்டு தொங்கியது வாலைத்தான். ஆரம்பத்தில் செய்த விமானங்களுக்கு வால் துடுப்பு முக்கோணமாக இருந்தது. திரும்புகிற நேரத்தில் அந்தத் துடுப்பு ஒரேயடியாக இழுத்துக்கொண்டு, விமானத்தைச் சுழற்றித் தள்ளிவிடும். பல பேர் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டுபிடித்து, நாலு மூலைத் துடுப்பாக மாற்றினார்கள். என் மாமனாருக்கு விமானத்தின் ஒவ்வொரு கோளாறும் தன் தலையிலிருந்து ஒரு செங்கல்லை இறக்கி வைக்கிற மாதிரி. தான் பொட்டு வைத்த விமானத்துக்கு முக்கோண வால் என்றால், அது தானாகவே விழுந்திருக்கலாம். நாலு மூலை என்றால் சந்தனம்தான்.

அதுதான் அவருக்கு ஞாபகம் வரவில்லை. வால்காரனின் காது சிவந்திருந்தது ஞாபகம் இருக்கிறது, துடுப்பு எத்தனை மூலை என்பது இல்லை. களத்தில் நெல் காயும்போது குச்சியால் மண்ணில் வால் வரைவார். ஒரு நாள் மூன்று மூலை, சந்தோஷமாக வந்து காபி கேட்பார். மறுநாள் நாலு மூலை, சாப்பாடு இறங்காது. என் மாமியார், "மூணோ நாலோ, வந்து சோத்தைத் தின்னுட்டுப் போயி வரைங்க" என்று சத்தம் போடுவார். எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அவர் வரைந்து வைத்த மண்ணைக் கூட்டப்போனால், காற்றே இல்லாத மத்தியானத்திலும் அந்த இடத்தில் மட்டும் தூசி சுழித்துக்கொண்டு நிற்கும். கூட்டாமல் வந்துவிடுவேன்.

கடைசிக் காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து, வலது கை விழுந்துவிட்டது. சந்தனம் வைத்த கை. அதை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க முடியாது. நான்தான் கஞ்சி ஊட்டுவேன். ஒரு நாள் காலையில், கஞ்சியைத் தள்ளிவிட்டு, இடது கை விரலால் என் உள்ளங்கையில் வரைந்தார். ஒரு கோடு, இன்னொன்று, இன்னொன்று. மூன்றோடு நிற்கும் என்று நான் காத்திருந்தேன். நாலாவது கோட்டையும் இழுத்துச் சேர்த்துவிட்டார். "நாலுதான் தாயி. நல்லா நெனப்பு வந்துருச்சு" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. என் கையை விடாமல், "என்னைக்காச்சும் அவுக போனது நெசம்னு தெரிஞ்சா, இலையைப் போட்டுரு. அதுவரைக்கும் தட்டு. பசியோட விட்டுராதே" என்றார். சரி மாமா என்றேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

அடுத்த மாசியில் அவருக்கும் இலை விழுந்தது. அவர் தம்ளரில் தண்ணீர் இறங்கியது. ஏழு தம்ளரில் இறங்கவில்லை, சந்தன வாசம் நிற்கவும் இல்லை. பிறகு என் மாமியாருக்கு இலை, அதற்கும் பிறகு என் வீட்டுக்காரருக்கு. வரிசை எங்கள் பக்கம் நீண்டுகொண்டே போனது. எதிர்ப்பக்கம் அதே ஏழு தட்டுகள். இப்போது திடலில் விமானம் எதுவும் இல்லை. ஓடுபாதை வெடித்து, வெடிப்பில் கருவேலம் முளைத்து, ஆடு மேய்கிறது. பிள்ளைகள் அதில் பைக் ஓட்டிப் பழகுகிறார்கள். மத்தியானத்தில் அந்தப் பக்கம் போனால், கடைசி முனையில் சில சமயம் ஆடு எல்லாம் ஒரே நேரத்தில் மேய்ச்சலை நிறுத்திவிட்டுக் கிழக்கே பார்க்கும். மேய்க்கிறவர்களுக்கு அது பழகிப்போயிற்று.

போன மாசிக்கு முன்னால், தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. இத்தனை வருஷம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. எனக்கே எண்பது தாண்டியாயிற்று. நான் பால் குடிக்கிற பிள்ளையாக இருந்த காலத்தில் அவர்கள் மீசை முளைத்த பையன்கள். அன்றைக்கு விழுந்து செத்தார்களோ, ஊருக்குப் போய்ப் பேரன் பேத்தி எடுத்தார்களோ, எப்படியிருந்தாலும் இன்றைக்கு இருக்க மாட்டார்களே! நுனியை மாற்றிப் போட்டால் இனி யாருக்கு என்ன கெடுதல்? யாரையும் கேட்காமலே காலம் பதில் சொல்லிவிட்டது. மாமனாருக்குக் கொடுத்த வாக்கு கழுத்தில் கிடந்த பாரம், எனக்கும் நாள் நெருங்குகிறது. எனக்குப் பிறகு மருமகள் தட்டு வைப்பாளோ, பழைய சாமான்காரனுக்குப் போடுவாளோ. இந்த வருஷமே இலையைப் போட்டு முடித்துவிடுவது என்று நினைத்தேன்.

மகன் புதுவயல் அரிசி ஆலையில் லாரி ஓட்டுகிறான். சாமி கும்பிட்டுக்கு லீவு போட்டு வந்திருந்தான். தட்டு இல்லாமல் இலைக்கட்டைப் பிரிப்பதைப் பார்த்துவிட்டு, "அவுகளுக்கு நம்ம இலையில சாப்பிடத் தெரியுமாம்மா?" என்று கேட்டான். இத்தனை வருஷம் வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியாமலா இருக்கும் என்றேன். சிரித்தான். ஏழு இலையையும் விரித்து நுனியை வலப்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு இலைக்கும் பேர் சொன்னேன். செம்பட்டை, நெட்டை, கண்ணாடி, சிரிப்பாணி. அடுத்த இருவருக்கு மாமனார் வைத்திருந்த பேர் எனக்கு மறந்துவிட்டது. தம்பி என்று சொல்லி வைத்தேன். கடைசி இலை, வாசலுக்குப் பக்கத்தில், வால்காரனுக்கு. காரம் குறைத்த குழம்பு, முட்டை, பிஸ்கட். தண்ணீரை நானே ஊற்றினேன், விளிம்பில் குமிழாக நிற்கிற அளவுக்கு. கதவைச் சாத்தினோம்.

வெளியே வெயில் கொளுத்தியது. ஒரு காக்காய்ச் சத்தம் இல்லை. பரணில் கவிழ்த்து வைத்திருந்த தட்டுகள் மெல்ல முனக ஆரம்பித்தன. யாரும் தொடவில்லை. மகன் என்னைப் பார்த்தான், நான் பேசாதே என்று கை காட்டினேன், என் மாமியார் எனக்குக் காட்டின மாதிரியே. முனகல் ஏறி, நின்று, கிழக்குப் பக்கமாகப் போய்த் தேய்ந்த மாதிரி இருந்தது. மகன் இருமிவிட்டுக் கதவைத் திறந்தான்.

சந்தன வாசம் இல்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இல்லை. சோறும் குழம்பும் வாழையிலையும்தான் மணந்தது. நான் குனிந்து தம்ளர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் தம்ளரில் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இரண்டாவதில் இறங்கியிருந்தது. மூன்று, நாலு, ஐந்து, ஆறு. பாவம் பிள்ளைகளா, தட்டு கூப்பிடாமல் இவ்வளவு காலம் பசியோடவா நின்றீர்கள். கடைசித் தம்ளரில் தண்ணீர் நான் ஊற்றியபடியே விளிம்பில் குமிழாக நின்றது. இலையும் அப்படியே, மற்ற ஆறு இலைகளும் சூட்டில் கறுத்துத் துவண்டிருக்க, அது ஒன்று மட்டும் இப்போது அறுத்துவந்த மாதிரி பச்சையாகக் கிடந்தது.

உயிரோடு இருக்கிறவருக்கு நுனியை மாற்றிப் போட்டுவிட்டேனே. மகனைத் தள்ளிக்கொண்டு போய், பரணில் கையை விட்டு, கைக்கு வந்த தட்டை உருவினேன். அடியில் கறுப்புச் சாயம் இருக்கிற தட்டு. இலையில் இருந்ததை ஒரு பருக்கை சிந்தாமல் தட்டுக்கு மாற்றினேன். இலையைச் சுருட்டி வெளியே எடுத்துப் போட்டேன். அப்புறம்தான் மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான், அதற்கு என்ன அர்த்தம் என்று புத்திக்கு எட்டியது. நூறைத் தாண்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்களே. எங்கேயோ, நான் பார்க்காத ஒரு ஊரில், காது சிவந்த ஒரு கிழவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் இருக்கிறார் என்றால், அன்றைக்கு அந்த விமானம் எங்கேயோ போய் இறங்கியிருக்கிறது. குறைந்தபட்சம் ஒருத்தரையாவது இறக்கிவிட்டிருக்கிறது. சந்தனமா, வாலா, வேறு சண்டையா, மற்ற ஆறு பேரும் எப்போது எப்படிப் போனார்கள், எனக்குத் தெரியாது, தெரியவும் போவதில்லை. எங்கள் வரிசைக்குத் திரும்பி, என் மாமனாரின் இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் தம்ளரில் தண்ணீர் பாதிக்கும் கீழே போயிருந்தது. அவ்வளவு இறங்கி நான் பார்த்ததில்லை.

"மாமா," என்றேன், "வால்காரர் இருக்காக."

ஆறு தட்டுகளை இந்த வருஷம் பழைய துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன். இனி அவற்றுக்கு வேலை இல்லை. ஒன்று மட்டும் பரணில் தனியாக இருக்கிறது. நகத்தால் சுண்டினால் கூட முனகுவதற்குத் துணை இல்லை, 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். மருமகளிடம் காட்டி, இது யாருடையது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த மாசிக்கு ஆறு இலை, ஒரு தட்டு. அவர் வருகிற அன்றைக்கு இலை போடலாம். மெதுவாக வரட்டும். எனக்கும் அவசரம் இல்லை.